சிறீ இலக்கத் தகடும் ஒரு ஸ்கூட்டரின் கடற்பயணமும்

திருகோணமலை அன்புவழிபுரத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தந்தையார் விட்டுச்சென்ற 1960களின் வெஸ்பா ஸ்கூட்டரை ஐரோப்பாவில் நடைபெறும் பழைய ஸ்கூட்டர் பேரணி ஒன்றுக்குக் கொண்டுபோக அவர் விரும்புகிறார். வெளிநாட்டுப் பேரணி ஒன்றில் கலந்துகொள்வது அவருக்கு இதுவே முதல் தடவை. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி முடித்துவிட்டாராம். "இனி வேறென்ன ஆயத்தம் தேவை?" என்று கேட்டிருந்தார். நான் ஸ்கூட்டர் திருத்துபவன் அல்லன், பத்திரிகைக்காரன். ஆயினும் பதில் எழுத அமர்ந்தபோது அது கடிதத்துக்குள் அடங்கவில்லை. திருகோணமலையிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டர் கடல் கடப்பதென்றால், நமது கடந்த எழுபது ஆண்டுகளின் பல பக்கங்களை அது தாண்டிச் செல்லவேண்டியிருக்கிறது.

"பேரணி" என்ற சொல்லை ஆசிரியபீடத்தில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. எங்கள் தலைமுறைக்கு அது கொடியும் கோஷமும் பொலிஸ் தடையும் சேர்ந்த சொல். ஸ்கூட்டர் பிரியர்களுக்கு அது ஒரு திருவிழா. 1954-ஆம் ஆண்டு இத்தாலியின் சான் ரெமோ நகரில் முதலாவது "யூரோ வெஸ்பா" சந்திப்பு நடைபெற்றது. பிரித்தானியக் கழகங்கள் 1957 முதல் மான் தீவில் ஸ்கூட்டர் வாரம் கொண்டாடின. கப்பலில் வண்டியை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் பேரணிக்குப் போகும் வழக்கம் அக்காலத்தது. 1964-இல் ரொபேர்ட்டோ பத்ரிஞானி என்ற இத்தாலியப் பத்திரிகையாளர் மிலானோவிலிருந்து தோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு வெஸ்பாவிலேயே சென்றார். (நமது தொழிலில் இப்படியும் ஒருவர் இருந்திருக்கிறார்.) யூரோ வெஸ்பாவின் தொடர்ச்சியாக 2007 முதல் நடந்துவரும் "வெஸ்பா உலக நாட்கள்" 2022-இல் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு வந்தபோதுதான் முதன்முறையாக ஆசிய மண்ணில் கால்பதித்தது. 2024-இல் அது வெஸ்பா பிறந்த ஊரான பொந்தெதேராவிலேயே நடைபெற்றது.

பொந்தெதேராவில் இருந்தது பியாஜியோ நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் அது சிதைந்தது. போருக்குப் பின் விமானம் கட்ட வழியில்லாத நிலையில், கொராதீனோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியியலாளரிடம் மலிவான ஊர்தி ஒன்றை வடிவமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளை அவருக்கு அறவே பிடிக்காது. சங்கிலி அழுக்கு உடையில் படக்கூடாது, கால் தூக்காமல் ஏறவேண்டும், சில்லை இலகுவாகக் கழற்றவேண்டும் என்று அவர் எண்ணினார். விமானத்தின் தரையிறங்கு சில்லைப் போல ஒரு பக்கத்தில் மட்டும் தாங்கப்பட்ட முன்சில்லு அப்படித்தான் வந்தது. 1946 ஏப்ரலில் காப்புரிமை விண்ணப்பம் பதிவாயிற்று. வெஸ்பா என்றால் குளவி.

அந்தக் குளவி நம் பக்கம் வந்த வழி பெரும்பாலும் இந்தியா வழிதான். பஜாஜ் குழுமம் 1948 முதல் வெஸ்பாவை இறக்குமதி செய்து, பின்னர் உரிமம் பெற்று உள்நாட்டிலேயே தயாரித்தது. உரிமம் முடிந்தபின் 1972-இல் ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரால் சேதக் வந்தது. அதற்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வெஸ்பாவின் போட்டியாளரான லாம்பிரெட்டாவின் கதை இன்னும் விசித்திரமானது. மிலானோவிலிருந்த அதன் தயாரிப்பு இயந்திரங்கள் 1972-இல் இந்திய அரசின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்துக்கு விற்கப்பட்டு லக்னோவுக்கு வந்து சேர்ந்தன. இன்று ஐரோப்பாவில் பழைய லாம்பிரெட்டாவைப் புதுப்பிப்பவர்கள் இந்திய உதிரிப்பாகங்களைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே இயந்திரத்தைப் பற்றி நண்பர் கவலைப்படவேண்டியதில்லை. இரண்டு வீச்சு இயந்திரம் பொருத்திய முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை இலங்கை அரசு 2008-இல் நிறுத்தியது. அதுவரை அவற்றைத் திருத்திப் பழகிய கைகள் திருகோணமலையில் இன்னும் இருக்கின்றன. பஜாஜ் முச்சக்கர வண்டியும் வெஸ்பாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெற்றோலில் எந்த அளவுக்கு ஒயில் கலப்பது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சிக்கல் இலக்கத் தகட்டில் தொடங்குகிறது.

நண்பரின் வண்டி அதன் காலத்து மற்ற வண்டிகளைப் போலவே நடுவில் சிங்களச் "சிறீ" எழுத்தைத் தாங்கியது. இலங்கையும் இணைந்துள்ள 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, எல்லை கடக்கும் வாகனத்தின் பதிவிலக்கம் அரபு இலக்கங்களிலும் இலத்தீன் எழுத்துக்களிலும் இருக்கவேண்டும் என்கிறது. வேறு எழுத்தைப் பயன்படுத்தும் நாடு அதையும் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இலத்தீன் எழுத்தில் மறுபடியும் எழுதிக் காட்டவேண்டும். இத்தாலியப் பொலிஸாருக்குப் படிக்கத் தெரியாத அந்த ஒற்றை எழுத்துக்காக நமது நாட்டில் நடந்தவற்றை நினைத்தால் சற்றுத் திகைப்பாகவே இருக்கிறது.

அதற்கு முந்திய தகடுகளில் ஆங்கில எழுத்துக்களே இருந்தன. 1956-இன் சிங்களம் மட்டும் சட்டத்தைத் தொடர்ந்தே சிங்களச் சிறீ வந்தது. தமிழரசுக் கட்சி 1957-இல் அதை எதிர்த்து, தமிழில் "சிறீ" என எழுதிய தகடுகளோடு வாகனம் ஓட்டும் போராட்டத்தை நடத்தியது. அதே ஆண்டு பெப்ரவரி 4-ஆம் திகதி, சுதந்திர தினக் கறுப்புக்கொடிப் போராட்டத்தின்போது திருகோணமலையில் நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமலை நடராஜன் என்ற பெயரை இன்றும் ஊர் மறக்கவில்லை. ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகவே போராட்டங்கள் ஓய்ந்தன. ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டு வெளியேறியது. தளத்தை நம்பியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அவர்களைப் பதவியாவில் குடியேற்றும் யோசனைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது.

1958 ஜனவரியில் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் புதிய பஸ்கள் சிங்களச் சிறீ தகட்டோடு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டன. ஓய்ந்த தீ மீண்டும் மூண்டது. இங்கே சிங்கள எழுத்தின்மீது தார் பூசினார்கள். தெற்கிலே கடைப் பலகைகளின் தமிழ் எழுத்தின்மீது தார் பூசினார்கள். ஏப்ரல் 9-ஆம் திகதி ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாத இறுதியில் நடந்தவற்றை இங்கு நான் விவரிக்கப்போவதில்லை. அந்த வன்செயல்களுக்குத் தகடு ஒன்றே காரணமென்று சொல்வது வரலாற்றைச் சுருக்குவதாகும். ஆயினும் தகட்டை விட்டுவிட்டு அந்த ஆண்டை எவராலும் எழுதமுடியாது.

பிற்காலத் தொடர்களில் அந்த எழுத்து சத்தமின்றி மறைந்து இலக்கங்கள் மட்டும் எஞ்சின. 2000-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துக்களே திரும்பி வந்தன. இன்று சிறீ தகடு பழைய வாகனப் பிரியர்களிடையே பெருமைக்குரிய பொருள். தகட்டைப் பார்த்தே வண்டியின் வயதைச் சொல்லிவிடுவார்கள். நண்பரும் அதைக் கழற்ற மனமில்லை என்கிறார். கழற்ற வேண்டாம், கீழே இலத்தீன் எழுத்தில் இன்னொன்று பொருத்தினால் போதும். பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் முட்டை வடிவ வெள்ளைத் தகடும் வேண்டும். அதில் எழுதவேண்டியவை "சி.எல்." என்ற ஆங்கில எழுத்துக்கள். அதாவது சிலோன். 1972-இல் நாட்டின் பெயர் மாறியது. சாலைகளின் சர்வதேசப் பட்டியலில் இன்னும் மாறவில்லை.

அடுத்தது கடல். உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று நண்பரின் வீட்டுக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஒரு ஸ்கூட்டரை ஏற்றிச்செல்லும் பயணிகள் கப்பல் கிடையாது. முன்னாளில் இந்தக் கேள்விக்கு விடை தலைமன்னார். திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா, மன்னார் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஒரு பகல் ஓட்டம். 1914-இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பல் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலைக் கடந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், இந்தியா எனத் தரைவழியே வந்த வெள்ளையர்கள் பலர் அந்தக் கப்பலில்தான் இலங்கைக்கு வந்தார்கள். வந்த வழியால் போகவும் முடிந்த காலம் அது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்நாளில் பாம்பனைக் கடக்கப் புகையிரதப் பாலம் மட்டுமே இருந்தது. வண்டியானாலும் ரயிலில்தான் ஏறவேண்டும். சாலைப் பாலம் 1988 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1984-இல், போர்ச் சூழலால் கப்பல் நின்றுவிட்டிருந்தது. கப்பல் இருந்தபோது பாதை இல்லை. பாதை வந்தபோது கப்பல் இல்லை. தலைமன்னார் இறங்குதுறைக்குப் புகையிரதம் 2015 மார்ச்சில் மீண்டும் வந்தது. கப்பல் அதனோடு வரவில்லை. 2011-இல் தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் சில மாதங்களே ஓடியது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைச் சேவை தொடங்கி, இடைநின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. அது ஆட்களுக்கும் அவர்களின் பொதிகளுக்குமான சேவை. ஸ்கூட்டருக்கு அதில் இடமில்லை.

ஆகவே நண்பரின் வண்டி கொழும்பு சென்று, மரப்பெட்டிக்குள் அடைபட்டு, கொள்கலனில் போகவேண்டும். தாங்கியிலுள்ள பெற்றோலை முழுவதும் வடித்துவிடவேண்டும். பற்றரி இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றவேண்டும். பெட்டியின் மரம் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டு அதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்கவேண்டும். பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. ஊர்த் தச்சரிடம் பாலை மரத்தில் அழகாகச் செய்வித்த பெட்டியென்றாலும் முத்திரை இல்லாவிட்டால் துறைமுகத்தில் சிக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலானது திரும்பி வருவது. ஐரோப்பாவுக்குள் பயணி ஒருவர் தமது சொந்த வாகனத்தை வரியின்றித் தற்காலிகமாகக் கொண்டுசெல்ல விதிகள் இடமளிக்கின்றன. இலங்கைக்குள் மீண்டும் கொண்டுவருவதே கடினம். நாட்டைவிட்டு வெளியேறிய அதே வண்டிதான் இது என நிரூபிக்க முடியாவிட்டால், சுங்கத்தின் கண்ணில் அது அறுபது வயதுடைய வெளிநாட்டு வாகனம் ஒன்றின் புதிய இறக்குமதி. பழைய வாகனங்களுக்கு இங்கே வயதெல்லை உண்டு. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி ஏறத்தாழ முற்றாக நிறுத்தப்பட்டு, 2025-இல்தான் தளர்த்தப்பட்டது. அந்த இடைவெளியில் தக்க ஆவணமின்றி ஒரு வண்டி வெளியே போயிருந்தால் அதன் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள். எல்லை கடந்து போன நம்மவர்கள் பலருக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேர்ந்திருக்கும்: பிறந்த பத்திரம் இருக்கும், நுழைவதற்குப் பத்திரம் இருக்காது.

இதற்கான பாதுகாப்பு "கார்னே" எனப்படும் சுங்க அனுமதிப் புத்தகம். வாகனத்துக்கான கடவுச்சீட்டு எனலாம். 1904-இல் தொடங்கிய இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் இதை வழங்குகிறது. அதன் பெயரிலும் இன்னும் சிலோன் இருக்கிறது. ஈட்டுத் தொகையோ வங்கி உத்தரவாதமோ கொடுத்துப் பெறவேண்டும், ஓராண்டு செல்லுபடியாகும். ஒவ்வோர் எல்லையிலும் உள்நுழைவுக்கு ஒரு முத்திரை, வெளியேற்றத்துக்கு ஒரு முத்திரை. ஒரு முத்திரை தவறினாலும் வண்டி அந்த நாட்டிலேயே விற்கப்பட்டதாகக் கருதி ஈட்டுப் பணத்தில் வரியைக் கழித்துக்கொள்வார்கள். ஐரோப்பியப் பேரணிக்கு இது கட்டாயமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். போவதற்குக் கட்டாயமில்லை என்பது உண்மை. வழியில் இந்தியாவில் இறங்கி ஓட்ட ஆசைப்பட்டால் கார்னே இல்லாமல் முடியாது. சுங்கத்தின் ஏற்றுமதிப் பத்திரத்தை மட்டும் நம்பித் தந்தையின் வண்டியை அனுப்ப நானாக இருந்தால் துணியமாட்டேன்.

பயிற்சி ஓட்டத்தையும் தள்ளிப்போட வேண்டாம். 2022 ஓகஸ்டில் எரிபொருள் அட்டை முறை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வெஸ்பா அதில் 160 கிலோமீற்றர் போகும். கொழும்போ ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பெற்றோல் கிடைக்கும் காலத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவதே புத்தி என்பதை இந்தத் தீவில் வாழ்ந்த எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கார்னேயில் சட்டக இலக்கமும் இயந்திர இலக்கமும் எழுதப்படும்; சுங்க அதிகாரி குனிந்து இரண்டையும் ஒப்பிடுவார். அறுபது ஆண்டு ஓடிய வண்டிகளில் இயந்திரம் மாற்றப்பட்டிருப்பது சகஜம். உதிரிப்பாகம் கிடைக்காத போர்க்காலத்தில் இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஒன்றாக்கி ஓட்டியவர்களும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் ஓர் இலக்கமும் இரும்பில் வேறோர் இலக்கமும் இருந்தால், மோட்டார் வாகனத் திணைக்களத்தில் திருத்துவதற்கு மாதங்கள் செல்லும். ஆகையால் வர்ணம் பூசுவதற்கு முன்னரே மண்ணெண்ணெய்த் துணியால் அந்த இடங்களைத் துடைத்து, மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, இலக்கங்களைப் பிரதியெடுத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.