கோழிக்கு மட்டும் வரம்பில்லை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



எங்க வீட்டுப் பரண்ல ஒரு தகரப் பெட்டி இருக்கு. உள்ளே அப்பாவோட ஸ்கூல் நோட்டுகள். எல்லா நோட்டுக்கும் வழவழன்னு கலர் தாள்ல அட்டை. 'சோவியத் நாடு' பத்திரிகையைக் கிழிச்சுப் போட்ட அட்டை. எழுபதுகள், எண்பதுகள்ல தமிழ்நாட்டுல படிச்ச யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாங்க. சந்தா குறைவு, தாள் நல்ல தாள். படிச்சாங்களோ இல்லையோ, அட்டை போட்டாங்க.

அந்த அட்டைகளைப் பார்த்தா ஒரே மாதிரிப் படங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல். வரிசையா அறுவடை மெஷின்கள். சிரிச்ச முகத்தோட ஒரு டிராக்டர் டிரைவர். நான் தேடினது ஒண்ணே ஒண்ணுதான்: கோழி. ஒரு படத்துலயும் இல்லை.

ஏன் கோழியைத் தேடினேன்னா, அதுக்கு முந்தின வாரம் ஒரு புள்ளிவிவரம் கண்ணுல பட்டுது. 1960-ல சோவியத் யூனியன்ல உற்பத்தியான முட்டையில சுமார் 80 சதவீதம் ஜனங்களோட வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போறதுக்கு முந்தின வருஷம் அது. ராக்கெட் விடுற நாட்டுல, காலையில தட்டுக்கு வர்ற முட்டை ஒரு பாட்டியோட கூண்டுலேர்ந்து வருது.

இன்னைக்கு எபிசோட் அந்தக் கொல்லையைப் பத்தி.

கோழியையும் பட்டியல்ல எழுதினாங்க

1929 கடைசியில ஸ்டாலின் அரசு விவசாயத்தைக் கூட்டுப்பண்ணையா மாத்துற வேலையை வேகப்படுத்துது. கூட்டுப்பண்ணைக்கு ரஷ்ய மொழியில கோல்ஹோஸ்னு பேர். நிலம், குதிரை, ஏர் எல்லாம் பொதுச்சொத்து. பல ஊர்கள்ல உள்ளூர் அதிகாரிகள் இன்னும் ஒரு படி மேல போய் மாடு, ஆடு, கோழி வரைக்கும் கணக்கெடுத்து எழுதிக்கிட்டாங்க.

விவசாயிகள் என்ன பண்ணாங்க? பிடுங்கிட்டுப் போறதுக்கு முன்னாடி நாமளே சாப்பிட்டுடலாம்னு வெட்டினாங்க. சில வருஷத்துக்குள்ள நாட்டோட மாடுகள்ல ஏறத்தாழ பாதி காலி. இன்னொரு பக்கம் பெண்கள் கிளம்பினாங்க. கூட்டமா போய்ப் பொதுத்தொழுவத்துலேர்ந்து தங்கள் மாடுகளை ஓட்டிட்டு வந்தாங்க. 1930-ல இந்த மாதிரிக் கலவரங்கள் ஆயிரக்கணக்குல நடந்தது. ஆம்பளைங்க முன்னாடி நின்னா சிறை நிச்சயம். பொம்பளைங்கன்னா அதிகாரிகள் கொஞ்சம் தயங்குவாங்க. ஊருக்கே அது தெரியும்.

1930 மார்ச் 2-ஆம் தேதி பிராவ்தா பத்திரிகையில ஸ்டாலினே ஒரு கட்டுரை எழுதறார். வெற்றி தலைக்கேறிப் போச்சுன்னு உள்ளூர் அதிகாரிகள் மேல பழியைப் போடுறார். அதுல ஒரு பட்டியல் வருது: வீட்டையொட்டின சின்னக் காய்கறித் தோட்டம், வீடு, சில்லறைக் கால்நடை, கோழி. இதெல்லாம் பொதுவாக்க வேண்டியவை இல்லையாம். உலகத்தையே மாத்தப் போறோம்னு கிளம்பின அரசு கோழி விஷயத்துல பின்வாங்குது.

ஆனா தானியக் கொள்முதல்ல அரசு பின்வாங்கவே இல்லை. 1932-33 பஞ்சத்துல உக்ரைன், கஜகஸ்தான், வோல்கா, குபான் பகுதிகள்ல பல லட்சம் பேர் செத்துப்போனாங்க. கூட்டுப்பண்ணை வயல்ல கதிர் பொறுக்கினாக்கூட பத்து வருஷம் சிறை, சில சமயம் மரண தண்டனை. 1932 ஆகஸ்ட் சட்டம் அப்படி. கொல்லையில நாலு உருளைக்கிழங்கு இருக்கா இல்லையாங்கிறது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

1935: சட்டத்துக்குள்ள ஒரு வரி

1935-ல கூட்டுப்பண்ணைகளுக்கான மாதிரி விதிமுறை வருது. ஒரு குடும்பம் சொந்த உபயோகத்துக்கு என்ன வெச்சுக்கலாம்னு அதுல துல்லியமா இருக்கு. பெரும்பாலான மாவட்டங்களுக்கு இதுதான் கணக்கு: நிலம் கால் ஹெக்டேர்லேர்ந்து அரை ஹெக்டேர். நம்ம கணக்குல 62 சென்ட்லேர்ந்து 124 சென்ட். ஒரு பசு, ரெண்டு கன்னுக்குட்டி வரைக்கும். குட்டிகளோட ஒண்ணு ரெண்டு பெண்பன்றி. ஆடு பத்து வரைக்கும். தேன்கூடு இருபது வரைக்கும்.

அப்புறம் வருது அந்த வரி. கோழியும் முயலும் எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கலாம். வரம்பில்லை.

ஏன் கோழிக்கு மட்டும் தாராளம்? என் புரிதல் இது. ரெண்டாவது பசுவுக்கு மேய்ச்சல் நிலம் வேணும், வைக்கோல் வேணும். அது கூட்டுப்பண்ணையோட பசுவுக்குப் போட்டி. கோழி அப்படி இல்லை. எச்சில் சோறு, புழு, களத்துல சிந்தின தானியம் போதும். அதுவுமில்லாம, கூட்டுப்பண்ணை கொடுக்கிற கூலியில ஒரு குடும்பம் பிழைக்க முடியாதுன்னு அரசுக்கே தெரியும்.

அந்தக் கூலி எப்படி வரும்னா, வேலை செஞ்ச நாளுக்குப் புள்ளி போடுவாங்க. நம்ம ஆபீஸ்ல ஸ்டோரி பாயிண்ட் போடற மாதிரி. ஒரு புள்ளியோட மதிப்பு என்னன்னு வருஷக் கடைசியில, அரசோட பங்கு போனப்புறம் மிச்சம் இருக்கிற தானியத்தைப் பார்த்துதான் தெரியும். சில வருஷம் மூட்டை, சில வருஷம் கைப்பிடி. பாலுக்கும் முட்டைக்கும் காய்க்கும் கொல்லைதான்.

இதுல வசந்தகாலம்தான் பெரிய இழுபறி. ரஷ்யாவுல பனி உருகி மண்ணு காயறதுக்கும் விதைப்பு முடியறதுக்கும் நடுவுல சில வாரங்கள்தான். கூட்டுப்பண்ணை வயலுக்கும் அதே வாரங்கள்தான், வீட்டுப் பாத்திக்கும் அதே வாரங்கள்தான். கோழிக்கும் அதுதான் பருவம். குளிர்காலத்துல பகல் வெளிச்சம் குறைஞ்சா முட்டையும் குறையும். பகல் நீள ஆரம்பிச்சதும் திரும்ப வரும். வசந்தத்துல அடைவெச்சுப் பொரிச்ச குஞ்சுக்குக் கோடை முழுக்கத் தீனி கிடைக்கும், குளிருக்கு முன்னாடி தேறிடும். இதையெல்லாம் பார்த்துக்க யாரு இருக்கா? பகல்ல வயல்ல புள்ளிக்கு வேலை செஞ்ச அதே பெண், சாயங்காலம் கொல்லையில மண்வெட்டியைப் பிடிக்கிறா. 1939-ல அரசு கொல்லைகளை அளந்து, அதிகமா இருந்ததைப் பிடுங்கிக்கிட்டு, வருஷத்துக்குக் குறைஞ்சது இத்தனை புள்ளி சேர்த்தே ஆகணும்னு உத்தரவு போட்டுது. ஜனங்க எங்க மனசு வெச்சு வேலை பாக்குறாங்கன்னு அரசுக்குத் தெரிஞ்சுபோச்சு.

சதுக்கத்துல முட்டைக்கோஸ்

போர் வந்ததும் கொல்லையை அளந்து பிடுங்கின அதே அரசு, தோட்டம் போடுங்கன்னு கேட்டுக்கிட்டுது. 1942 ஏப்ரல்ல தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் தோட்ட நிலம் ஒதுக்க உத்தரவு. 1944-ல இப்படித் தோட்டம் போட்டவங்க ஒன்றரைக் கோடிக்கும் மேல. விதைக்கிழங்கு கிடைக்காத இடத்துல, உருளைக்கிழங்கோட முளைக்கண் இருக்கிற மேல்துண்டை மட்டும் சீவி நட்டுட்டு, மிச்சத்தை வேகவெச்சுச் சாப்பிட்டாங்க.

லெனின்கிராட் நகரம் முற்றுகையில இருந்தது. 1941 நவம்பர், டிசம்பர்ல பலருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான் ரேஷன். அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினவங்க 1942 வசந்தத்துல பூங்காவையும் சதுக்கத்தையும் கொத்திப் பாத்தி கட்டினாங்க. புனித ஐசக் பேராலயத்துக்கு முன்னாடி முட்டைக்கோஸ் வரிசை வரிசையா வளர்ந்திருக்கிற போட்டோவை நீங்க இணையத்துல பார்த்திருக்கலாம்.

அதே சதுக்கத்துலதான் நிக்கோலாய் வாவிலோவ் கட்டி வளர்த்த தாவர ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்த விதைகள் உள்ளே இருந்தன. நெல், வேர்க்கடலை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு. முற்றுகையில அதைக் காவல் காத்த விஞ்ஞானிகள் பல பேர் பசியால செத்தாங்க. நெல் ஆராய்ச்சியாளர் திமித்ரி இவனோவ் அவங்கள்ல ஒருத்தர். சுத்தி அரிசி மூட்டை இருந்தும் தொடல. வாவிலோவ் அப்போ ஸ்டாலினோட சிறையில இருந்தார். 1943 ஜனவரியில அங்கேயே இறந்தார்.

இல்லாத கோழிக்கு முட்டை வரி

போர் முடிஞ்சதும் அரசுக்குப் பணம் வேணும். கொல்லை மேல வரி ஏறுது. பணமா வரி ஒரு பக்கம். பொருளாக் கட்டாய ஒப்படைப்பு இன்னொரு பக்கம். இத்தனை லிட்டர் பால், இத்தனை கிலோ இறைச்சி, இத்தனை முட்டை. வீட்டுல கோழியே இல்லைன்னாலும் முட்டை கொடுத்தாகணும். எங்கேயாவது வாங்கிக் கொடு.

பழமரத்துக்கும் வரி. நிகிதா குருஷேவ் தன் நினைவுக்குறிப்புல ஒரு சம்பவம் சொல்றார். போருக்கப்புறம் ஒறவுக்காரப் பெண் ஒருத்தரைப் பார்க்கக் கிராமத்துக்குப் போறார். வீட்டுல நல்ல ஆப்பிள் மரங்கள். இலையுதிர்காலத்துல இதையெல்லாம் வெட்டிடப் போறேன்னு அந்தம்மா சொல்றாங்க. வரி கட்ட முடியலை. காய்க்கிற மரம்.

ஸ்டாலின் 1953 மார்ச்ல இறந்த ஆறாவது மாசமே இந்த வரியைக் குறைச்சாங்க. 1958 ஜனவரி 1-லேர்ந்து கட்டாய ஒப்படைப்பே ரத்து. ரத்து பண்ணினது அதே குருஷேவ்.

ஆனா அதே குருஷேவ்தான் 1959-ல நகரங்கள்ல சொந்தமா மாடு, பன்றி வளர்க்கத் தடையும் கொண்டுவந்தார். அதே வருஷம் ரியாசான் மாவட்டத் தலைவர் லாரியோனோவ், ஒரே வருஷத்துல இறைச்சி ஒப்படைப்பை மூணு மடங்கு ஆக்கறேன்னு சபதம் எடுத்தார். எப்படி? ஜனங்க வீட்டு மாடுகளைக் கூட்டுப்பண்ணைக்கு இழுத்து, கறவை மாட்டையும் வெட்டி, பத்தாததுக்குப் பக்கத்து மாவட்டங்கள்ல வாங்கி. அவருக்குப் பெரிய விருது கொடுத்தாங்க. அடுத்த வருஷம் தொழுவம் காலி, குட்டு வெளிப்பட்டது. 1960-ல அவர் இறந்தார். தற்கொலைன்னுதான் பரவலாச் சொல்றாங்க. நம்ம தலைமுறை மொழியில சொன்னா, ஒரு காலாண்டு டேஷ்போர்டைப் பச்சையாக் காட்ட மொத்த சிஸ்டத்தையும் வித்துட்டார்.

ஆறு சோத்கா

இது கிராமத்துக் கதை. நகரத்துல இருந்தவங்களுக்கு 1949 உத்தரவு முக்கியம். ஃபேக்டரி, ஆபீஸ் மூலமா ஊழியர்களுக்குத் தோட்ட மனை. அதுலேர்ந்து புழக்கத்துக்கு வந்த அளவு 'ஆறு சோத்கா', அதாவது 600 சதுர மீட்டர். சென்னைக் கணக்குல ரெண்டே முக்கால் கிரவுண்டுக்கும் கொஞ்சம் கம்மி. அங்கே கட்டற குடில் எவ்வளவு சின்னதா இருக்கணும்னும் விதி இருந்தது.

பிப்ரவரி, மார்ச்ல அடுக்குமாடி வீட்டு ஜன்னல் திட்டெல்லாம் பால் அட்டைப்பெட்டியில தக்காளி நாத்து. வெளியே பனி. மே மாச விடுமுறை வந்தா ரயில் நிறைய நாத்தும் மண்வெட்டியும். உருளைக்கிழங்கு நடவு. அதுல எஞ்சினியர்களும் டாக்டர்களும் உண்டு.

ஒரு கணக்கு அடிக்கடி காட்டுவாங்க. 1970-கள்ல விதைச்ச நிலத்துல சுமார் 3 சதவீதம்தான் சொந்தக் கொல்லை. விவசாய உற்பத்தி மதிப்புல கால்பங்கு அங்கேர்ந்து வந்தது. பார்த்தீங்களா, சொந்தமா விட்டா ஜனங்க பொன் விளைவிப்பாங்கன்னு முடிச்சிடுவாங்க. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா இந்த ஒப்பீடு அவ்வளவு நேர்மையானது இல்லை. கொல்லைக் கோழி தின்ன தானியம் கூட்டுப்பண்ணை வயல்ல விளைஞ்சது. கூலியா வந்தது கொஞ்சம், பையில மறைச்சுக் கொண்டுவந்தது கொஞ்சம். கொல்லை மேல போட்ட உழைப்பு மணிநேரமும் இந்தக் கணக்குல வராது. அது பெரும்பாலும் பெண்களோட, வயசானவங்களோட உழைப்பு. ஆபீஸ்ல யாரும் டாக்குமென்ட் பண்ணாத ஒரு குட்டி ஸ்கிரிப்ட் ராத்திரி ஓடி எல்லாத்தையும் தாங்கிட்டு இருக்கும் இல்லையா? கொல்லை அப்படித்தான் ஓடினது. அதை எழுதினவங்க தூங்கலைங்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது.

1960-கள் நடுவுலேர்ந்து அரசு பெரிய கோழிப்பண்ணைத் தொழிற்சாலைகளைக் கட்டுது. முட்டையில கொல்லையோட பங்கு மெல்லக் குறையுது. 1970-ல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆனா கொல்லை சாகலை. 1991-ல நாடே உடையுது. சம்பளம் மாசக்கணக்குல வரலை. 1998 ஆகஸ்ட்ல ரூபிள் விழுது. அந்தக் காலத்துல ரஷ்யாவோட உருளைக்கிழங்குல சுமார் 90 சதவீதம் வீட்டுத் தோட்டங்கள்ல விளைஞ்சது. திட்டக்குழு போச்சு, கட்சி போச்சு. பாத்தி இருந்தது.

இதை ஒரு இனிப்பான கதையாச் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரலை. என் பாட்டியும் கோழி வளர்த்தாங்க. பஞ்சாரத்துல கவுத்து வெப்பாங்க. முட்டைக் காசு மட்டும் அவங்க சுருக்குப்பையில இருக்கும், தாத்தா கேட்க மாட்டார். அது அவங்களோட சுதந்திரம்னு நான் ரொம்ப நாள் பெருமையா சொல்லிட்டு இருந்தேன். ஏன் பாட்டி இவ்வளவு கஷ்டப்பட்டீங்கன்னு ஒரு தடவை கேட்டதுக்கு, "வேற காசு எங்கடா இருந்துச்சு?"ன்னாங்க.

ரஷ்யக் கொல்லையும் எனக்கு அப்படித்தான் தெரியுது. அங்கே நடந்தது தோட்டக்கலை ஆர்வம் மட்டும் இல்லை; ரேஷனும் சம்பளமும் கைவிட்ட இடத்தை ஜனங்க தங்கள் முதுகால நிரப்பினாங்க. அரசுக்கு அது தேவையாவும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது. அதனாலதான் எழுபது வருஷமா ஒரு கையால கொடுத்து இன்னொரு கையால பிடுங்கிட்டே இருந்தது.

அந்தப் பெட்டியை மூடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். வரலாறு நோட்டு அட்டையில அந்த டிராக்டர் டிரைவர் இன்னும் சிரிச்சுட்டு இருக்கார். அவர் வீட்டுக்குப் போனதும் சாப்பிட்ட முட்டை எங்கேர்ந்து வந்திருக்கும்னு உங்களுக்கு இப்போ தெரியும்.

உங்க வீட்டுல யாராவது கோழி வளர்த்திருந்தா, முட்டைக் காசு யார் கையில இருந்ததுன்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.