காப்பி வறுவல் பதம்

காப்பி வறுவல் பதம் என்பது பச்சைக் காப்பிக்கொட்டை எவ்வளவு சூடு வரை, எவ்வளவு நேரம் வறுபட்டது என்பதைக் குறிக்கும் நிலை. இள வறுவல், நடு வறுவல், கடும் வறுவல் என மூன்றாகப் பிரிப்பது பொதுவழக்கு. காப்பியின் புளிப்பு, இனிப்பு, கசப்பு, மணம், அடர்த்தி எல்லாமே இந்தப் பதத்தைப் பொறுத்து மாறுகின்றன. செடியின் இனம், மலையின் உயரம், பழத்தைப் பதப்படுத்திய முறை ஆகியவை கொட்டைக்குள் வைத்து அனுப்பும் சுவை ஒன்று. நெருப்பு உண்டாக்கும் சுவை இன்னொன்று. வறுவல் ஏற ஏற முதலாவது தேயும், இரண்டாவது வளரும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் வறுப்பவரின் திறமை முழுவதும் இருக்கிறது.

பச்சைக்கொட்டைக்குக் காப்பி மணம் கிடையாது. அள்ளி முகர்ந்தால் காய்ந்த புல்லும் பட்டாணியும் கலந்ததுபோல ஒரு வாசம் வரும். கடித்தால் பல்தான் வலிக்கும். அதில் ஈரம் 10 முதல் 12 விழுக்காடு. அராபிகாவில் சர்க்கரை 6 முதல் 9 விழுக்காடு வரை இருக்கும்; ரொபஸ்டாவில் ஏறத்தாழ அதில் பாதி. காஃபீன் அராபிகாவில் சுமார் 1.2, ரொபஸ்டாவில் சுமார் 2.2 விழுக்காடு. குளோரோஜெனிக் அமிலங்களும் ரொபஸ்டாவில்தான் அதிகம். பின்னால் வரும் கசப்புக்கு மூலப்பொருள் இந்த அமிலங்களே.

வறுபடும் விதம்

சுழலும் இரும்பு உருளையில் கொட்டையைப் போட்டதும் முதலில் ஈரம் வற்றுகிறது. பச்சை நிறம் வெளிறி மஞ்சளாகிறது. இந்தக் கட்டத்தில் வரும் வாசம் அடுப்பில் வேகும் ரொட்டியின் வாசம். சூடு 150 டிகிரி செல்சியசை நெருங்கும்போது சர்க்கரையும் புரதக் கூறுகளும் சேர்ந்து பழுப்பாகும் மையார் வினை வேகம் பிடிக்கிறது. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீல் மையாரின் பெயரே வினைக்கும் ஆயிற்று. தோசையின் முறுகலும் வெங்காயம் வதங்கிச் சிவப்பதும் பெருமளவு இதே வினைதான்.

ஏறத்தாழ 196 முதல் 205 டிகிரிக்குள் கொட்டை வெடிக்கிறது. உள்ளே சிக்கிய நீராவி அழுத்தம் தாங்காமல் சுவரைப் பிளந்து வெளியேறும் சத்தம் இது. சோளம் பொரிவதுபோல, ஒவ்வொன்றாகத் தெளிவாகக் கேட்கும். வறுப்பவர்கள் இதை ‘ஃபர்ஸ்ட் கிராக்’ என்பார்கள். கொட்டை பருத்து, மேலே ஒட்டியிருந்த மெல்லிய தோல் உதிரும். இது முடிந்த கையோடு இறக்கினால் இள வறுவல். மேலும் சிறிது நேரம் விட்டால் நடு வறுவல். 224 முதல் 230 டிகிரி அளவில் இரண்டாம் வெடிப்பு வரும். இம்முறை வெடிக்க வைப்பது பெரும்பாலும் கரியமில வாயு. ஏற்கெனவே நொய்ந்துபோன சுவர் விரிவதால் சத்தமும் சன்னமாக, கடுகு தாளிக்கிறாற்போலப் படபடவென்று கேட்கும். அதைத் தாண்டினால் கடும் வறுவல். கொட்டையின் எண்ணெய் மேலே கசிந்து பளபளக்கும். இன்னும் விட்டால் கரி.

உருளையில் இவ்வளவும் நடக்கப் பொதுவாக 8 முதல் 15 நிமிடம் போதும். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு பத்து விநாடியும் கணக்கு. இறக்கியதும் காற்றடித்து ஆறவைக்காவிட்டால் கொட்டை தன் சூட்டிலேயே தொடர்ந்து வறுபட்டுக்கொண்டிருக்கும். 1864இல் அமெரிக்காவில் ஜேபஸ் பர்ன்ஸ் காப்புரிமை பெற்ற வறுவல் இயந்திரத்துக்குப் பெயர் வாங்கித் தந்ததும் இது தொடர்பான வசதிதான்: உருளையை அடுப்பிலிருந்து தூக்காமலே கொட்டையை வெளியே கொட்ட முடிந்தது.

சுவை மாறும் விதம்

முதலில் போவது புளிப்பு. பழத்துக்குரிய சிட்ரிக், மாலிக் அமிலங்கள் சூட்டில் தொடர்ந்து சிதைகின்றன. சர்க்கரை உடையும்போது அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்கள் புதிதாகப் பிறந்து, இளவறுவலுக்கும் நடுவறுவலுக்கும் இடையில் உச்சம் தொட்டுப் பிறகு குறைகின்றன. அதனால் இள வறுவல் காப்பியில் எலுமிச்சையோ ஆப்பிளோ நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. கடும் வறுவலில் அந்தக் கூர்மை மழுங்கிவிடும். ஆனால் குயினிக் அமிலம் வறுவலோடு கூடுகிறது. கடும் வறுவலின் துவர்ப்புக்கும் அடிநாக்கில் தங்கும் உறுத்தலுக்கும் அதற்கும் பங்குண்டு.

இனிப்பு ஒரு விந்தை. கொட்டையிலிருந்த சர்க்கரை நடு வறுவலுக்குள்ளாகவே அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் அதிக இனிப்பு உணரப்படுவது நடு வறுவலில்தான். காரணம் நாக்கல்ல, மூக்கு. சர்க்கரை கருகும்போது எழும் பாகு மணத்தை மூளை இனிப்பாக எடுத்துக்கொள்கிறது. புளிப்பு தணிந்தும் கசப்பு இன்னும் தலைதூக்காமலும் இருப்பது கூடுதல் வசதி.

கசப்புக்குக் காஃபீனே காரணம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது முழு உண்மையல்ல. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹோஃப்மன் 2007இல் வெளியிட்ட ஆய்வுப்படி, காப்பியின் கசப்பில் காஃபீனின் பங்கு சுமார் 15 விழுக்காடுதான். மீதியில் பெரும்பகுதி குளோரோஜெனிக் அமிலங்களின் வழித்தோன்றல். இள, நடு வறுவல்களில் அவை லாக்டோன்களாக மாறி, நாக்குக்கு இதமான கசப்பைத் தருகின்றன. வறுவலை மேலும் ஏற்றினால் அந்த லாக்டோன்களே உடைந்து ஃபீனைலிண்டேன் எனும் பொருள்களாகின்றன. இந்தக் கசப்பு கடுமையானது, குடித்து முடித்தபின்னும் நாக்கை விட்டுப் போகாதது. ஆக, இள வறுவலின் கசப்பும் கடும் வறுவலின் கசப்பும் அளவால் மட்டுமல்ல, இனத்தாலேயே வேறு.

மணம் இன்னும் சிக்கலானது. வறுத்த காப்பியில் 800க்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. மூக்குக்குப் பொருட்படுவன சில பத்துகள்தான். காப்பிக்கடை வாசலிலேயே நம்மை நிறுத்தும் அந்த மணத்துக்கு முதன்மைக் காரணம் ஃபர்ஃபியூரில் தையால் என்ற கந்தகச் சேர்மம். தடேயுஸ் ரைக்ஸ்டைன், ஹெர்மன் ஸ்டவுடிங்கர் ஆகிய இருவர் 1920களில் காப்பி மணத்தைப் பிரித்தாய்ந்து இதைக் கண்டார்கள். வெவ்வேறு துறைகளில் பின்னாளில் இருவருமே நோபல் பரிசு பெற்றவர்கள். மல்லிகை, எலுமிச்சை போன்ற மெல்லிய மணங்கள் இள வறுவலோடு நின்றுவிடும். நடு வறுவலில் வறுத்த கடலையின் மணம் தரும் பைரசின்களும், வெண்ணெய், பாகு மணங்களும் மேலோங்கும். கடும் வறுவலில் புகைமணம் தரும் குவாயகோலும் கருகல் நெடி தரும் பிரிடினும் ஏறும். பிரிடினின் மூலம் டிரைகோனெலின். அதே டிரைகோனெலின் சூட்டில் நயாசின் என்னும் வைட்டமினாகவும் மாறுகிறது.

அடர்த்தி ஓரளவு வரை வறுவலோடு வளர்கிறது. மையார் வினையின் விளைவான பழுப்பு நிறப் பெருமூலக்கூறுகள் காப்பிக்கு நிறத்தையும் கனத்தையும் தருகின்றன. இரண்டாம் வெடிப்பைத் தாண்டி வெகுதூரம் போனால் காப்பி மீண்டும் நீர்த்துப்போய், கரித்தண்ணீராகச் சுவைக்கும்.

நிறமும் ஏமாற்றும்

சின்னமன், சிட்டி, ஃபுல் சிட்டி, வியன்னா, ஃபிரெஞ்ச், இத்தாலியன் என்று வறுவலுக்குப் பழைய வணிகப் பெயர்கள் உண்டு. சின்னமன் என்பது நிறத்தைச் சொன்னது. அதில் லவங்கப்பட்டைச் சுவையைத் தேடக்கூடாது. ஒருவர் சொல்லும் நடு வறுவல் இன்னொருவருக்குக் கடும் வறுவல் என்பதால் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் அக்ட்ரான் அளவுகோல் தொழிலில் வந்தது. அதில் எண் குறையக் குறைய வறுவல் கூடுகிறது. ஒப்பிடப் பயன்படும் வண்ண வட்டுகள் 95இல் தொடங்கிப் பத்துப் பத்தாக இறங்கி 25இல் முடியும்.

அளவுகோல் இருந்தும் நிறம் பாதிக்கதைதான். ஒரே நிறத்துக்கு வரும் இரண்டு கொட்டைகளில் ஒன்று எட்டு நிமிடத்திலும் மற்றது இருபது நிமிடத்திலும் வந்திருக்கலாம். மிக மெல்ல வறுத்தது புளிப்பும் மணமும் செத்துச் சப்பென்றிருக்கும். அவசரமாக எரித்தது வெளியே சிவந்து உள்ளே வேகாமல் பச்சை வாசம் அடிக்கும். உயரமான மலையில் விளைந்த கெட்டியான கொட்டை அதிகச் சூட்டைத் தாங்கும். மழைக்காற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தும் மான்சூன்ட் மலபார் போன்ற நொய்ந்த கொட்டையை இதமாகத்தான் நடத்த வேண்டும். உருண்டையான பீபெரி வகைக் கொட்டை உருளையில் தடையின்றி உருள்வதால் சீராக வறுபடும் என்பது வறுப்பவர்களின் அனுபவம்.

‘ஸ்ட்ராங்’ என்ற சொல்

‘ஸ்ட்ராங்கா ஒரு காப்பி’ என்று கேட்பவர் மனத்தில் இருப்பது மூன்றில் ஒன்று: டிகாக்‌ஷன் அதிகம், கசப்பு அதிகம், அல்லது காஃபீன் அதிகம். மூன்றும் வேறுவேறு. கடும் வறுவலில் காஃபீன் அதிகம் என்பதும், எல்லாம் எரிந்துவிடும் என்பதும் இரண்டுமே பிழை. வறுக்கும்போது காஃபீன் மிகக் கொஞ்சமே இழக்கப்படுகிறது. கொட்டையின் எடை மட்டும் இள வறுவலில் 11 முதல் 13 விழுக்காடும், கடும் வறுவலில் 20 விழுக்காடு வரையிலும் குறைவதால், எடை போட்டு அளந்தால் கடும் வறுவலில் காஃபீன் ஒரு துளி அதிகம். கொட்டை உப்பி லேசாகிவிடுவதால் கரண்டியால் அளந்தால் ஒரு துளி குறைவு. உண்மையான வேறுபாட்டைத் தீர்மானிப்பது ரொபஸ்டாவின் விகிதமும் சிக்கரியின் விகிதமும்தான்.

பாலுக்கான வறுவல்

தமிழ்நாட்டு ஃபில்டர் காப்பிக்குப் பெரும்பாலும் நடு வறுவலோ அதைவிடச் சற்றே கூடியதோ பயன்படுகிறது. இது வெறும் பழக்கமல்ல. இள வறுவலின் புளிப்பு பாலோடு ஒட்டாது. பால் பழையதாக இருந்தால் திரிந்தும் போகும். பாலின் புரதம் காப்பியின் துவர்ப்பை இழுத்துக் கட்டிவிடுவதால், கறுப்பாகக் குடித்தால் முகம் சுளிக்க வைக்கும் கடும் வறுவலும் பாலில் சாக்லேட்போல இறங்கும். மல்லிகை மணமோ பாலின் கொழுப்பிலும் சர்க்கரையிலும் எங்கே போயிற்று என்று தெரியாது. சேர்வராயன், பழனி மலை, நீலகிரி அராபிகாவை இள வறுவலாக்கி டபராவில் ஆற்றிக் குடித்துவிட்டு ‘டிகிரி காப்பிபோல இல்லையே’ என்பது கொட்டையின் குற்றமாகாது.

சிக்கரியின் வேலையும் இங்கேதான். சிக்கரி ஒரு செடியின் கிழங்கு. அதையும் வறுத்தே சேர்க்கிறார்கள். அதிலுள்ள இனுலின் சூட்டில் உடைந்து பாகுபோலக் கருகி, கறுப்பு நிறமும் கனமும் லேசான இனிப்பும் தருகிறது. காஃபீன் அறவே இல்லை. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுத்தர விதி. சிக்கரி கூடினால் டிகாக்‌ஷன் கறுத்துக் கெட்டியாகும். கடும் வறுவலென்று அதை நினைத்துக் குடிப்பவர்கள் நிறைய.

ஊருக்கு ஊர் பதம் மாறுகிறது. சவூதி அரேபியாவின் கஹ்வா பொன்னிறத்தோடு நிறுத்தி ஏலக்காயோடு காய்ச்சப்படுகிறது. நார்வே, சுவீடன் போன்ற வடநாடுகள் இள வறுவலைக் கறுப்பாகக் குடிப்பவை. இத்தாலியில் தெற்கே போகப்போக வறுவல் கறுக்கும். சிங்கப்பூர், மலேசியாவின் ‘கோப்பி’க்கு ரொபஸ்டாவைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்தே வறுக்கிறார்கள், கெட்டிப்பால் அதன் கசப்புக்கு ஈடு கொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் கோப்பிக்கொட்டையோடு மல்லியையும் வறுத்துத் தூளாக்கும் வழக்கம் உண்டு.

வறுவலையும் உடல்நலத்தையும் பற்றி ஒரு சொல். மாவுப்பொருள் வறுபடும்போது உண்டாகும், உடலுக்குக் கேடு எனக் கருதப்படும் அக்ரிலமைடு 2002இல் சுவீடனில் உணவுகளில் கண்டறியப்பட்டது. காப்பியில் இது வறுவலின் தொடக்கத்தில் உண்டாகிப் பின் சிதைவதால், கடும் வறுவலில் குறைவு. அதேவேளை நன்மை தருவன எனக் கருதப்படும் குளோரோஜெனிக் அமிலங்களும் கடும் வறுவலில் குறைந்துவிடுகின்றன.

வறுவலுக்குப் பின்

கடும் வறுவல் கொட்டை நுண்துளை மிகுந்தது, நொறுங்கக்கூடியது. சாரம் சட்டென்று இறங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பையும் சேர்த்து இழுத்துவரும், கொதி அடங்கிய நீர் நல்லது. இள வறுவல் கெட்டியானது. நன்கு சூடான நீரும் நைசான அரைவையும் கேட்கும். எண்ணெய் மேலே கசிந்த கொட்டை காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கடிக்கும் என்பதால் கடும் வறுவலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே நல்லது.

வறுத்த கொட்டை தன் எடையில் ஒன்றிரண்டு விழுக்காடு கரியமில வாயுவை அடைத்து வைத்திருந்து, நாள்கணக்கில் வெளிவிடும். வறுவல் கூடக்கூட வாயுவும் கூடும். அன்று வறுத்து அன்றே அரைத்த பொடியை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால் பொடி நுரைத்து எழும்பி நீரைத் தடுக்கும், டிகாக்‌ஷன் இறங்காது. பொடி நைசாகிவிட்டதென்று அரைத்தவர்மேல் பழி போட்டு, ஃபில்டரைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருப்போம். வறுத்து ஓரிரு நாள் கழித்து அதே பொடியைப் போட்டால், தட்டாமலே சொட்டுச் சொட்டாக இறங்கும்.