நஞ்சு நுழைந்த வாயில்

தடைச் சட்டம் இருந்தது, தண்டனை இருந்தது, பேரரசரின் முத்திரை பொறித்த ஆணையும் இருந்தது. அத்தனையும் இருந்தும் அபினி நுழைந்தது! எவ்வாறு? சீன நாட்டின் காண்டன் துறைமுக வரலாறு விடை கூறுகிறது. இளைஞர்காள், அந்த ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

1729ஆம் ஆண்டிலேயே சீனப் பேரரசர் அபினி விற்பனையைத் தடை செய்தார். பின்னர் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியோ, வங்காளத்து அபினியைத் தன் ஏகபோகமாக்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீனத்துக்குக் கொண்டு செல்லும் வேலையைத் தனி வணிகரிடம் விட்டது. கையில் கறை படாமல் காசு சேர்க்கும் கலை! 1820 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 5,000 பெட்டிகள் சென்றன. 1838 வாக்கில் அது 40,000ஐ நெருங்கிற்று.

கப்பல்கள் லிண்டின் தீவருகே நங்கூரமிட்டன. விரைவுப் படகுகள் சரக்கைக் கரை சேர்த்தன. காவலர் எங்கே போயினர்? கடத்தலைப் பிடிக்கவென்றே 1826இல் ரோந்துப் படகுகள் ஏற்பட்டன. அந்தப் படகினர் மாதம் 36,000 டேல் வெள்ளியை மாமூலாகப் பெற்று வழிவிட்டனர் என எழுதிவைத்தார், அக்காலச் சீன அறிஞர் வெய் யுவான். அவர் கூறும் மற்றொரு செய்தி இன்னும் கொடிது. கடற்படை அதிகாரி ஒருவர், பத்தாயிரம் பெட்டிக்குச் சில நூறு எனப் பங்கு பெற்றார். அவற்றையே 'பிடிபட்ட சரக்கு' என்று அரசிடம் ஒப்படைத்துப் பதவி உயர்வும் பெற்றார்! வேலி பயிரை மேய்ந்தது. மேய்ந்ததற்கு விருதும் பெற்றது.

இவர்கள் பிறவிக் கயவரா? அல்லர். காண்டன் சுங்கத் தலைவர் அரண்மனைக் கருவூலத்தை நிரப்பக் கடமைப்பட்டவர். அவரது பதவியோ சில ஆண்டுகளே. கீழ்ப்பணியாளருக்கு ஊதியம் சொற்பம், காணிக்கையே பிழைப்பு. மேலிடம் கணக்கின்றிக் கேட்டால், கீழிடம் கணக்கின்றி வாங்காதோ?

1839 மார்ச்சில் காண்டன் வந்தார் லின் ஸெஷூ, பேரரசரின் தனி ஆணையர். வரும் வழியிலேயே, தமக்கு ஆடம்பர விருந்து கூடாது, தம் பரிவாரத்தினர் எவரும் கையூட்டுப் பெறக்கூடாது என்று ஆணையிட்டவர் அவர். தூய்மையைத் தம் பல்லக்கிலிருந்தே தொடங்கினார்! வெளிநாட்டு வணிகரிடமிருந்து 20,283 பெட்டிகள் ஒப்படைக்கப்பட்டன. ஜூன் 3 முதல் மூன்று வாரம் ஹூமன் கடற்கரையில் குழிகள் வெட்டி, நீரும் உப்பும் சுண்ணாம்பும் இட்டு அபினியைக் கரைத்துக் கடலில் விட்டனர். பணியாட்கள் வெளியேறுகையில் சோதிக்கப்பட்டனர். நீரை அழுக்காக்குவதற்காகக் கடல் தெய்வத்திடம் மன்னிப்பும் வேண்டினார் லின். தெய்வம் வந்து காவல் நிற்கவில்லை; வேலையை முடித்தவை சுண்ணாம்பும் சோதனையுந்தான்.

பிறகு? பிரிட்டன் பீரங்கி கொண்டு பேசிற்று. 1842இல் நான்கிங் உடன்படிக்கை: ஹாங்காங் பறிபோயிற்று, 2 கோடியே 10 லட்சம் டாலர் தண்டம், அதில் 60 லட்சம் அழிந்த அபினிக்கு விலை! லின், தொலைதூர இலிக்கு நாடு கடத்தப்பட்டார். 1858இல் அபினிக்குச் சுங்கவரி விதிக்கப்பட்டது, கள்ளச்சரக்கு நல்லசரக்காயிற்று. ராபர்ட் ஹார்ட் என்பார் 1863 முதல் தலைமை தாங்கிய சீனச் சுங்கத்துறை நேர்மைக்குப் பெயர் பெற்றது. ஆனால் அந்த நேர்மை, நஞ்சுக்கும் பிசகாமல் வரி வாங்கியது!

ஆக, பாடம் இரண்டு. வாயில் காப்போன் விலைபோனால் சட்டம் வெறும் தாள். சட்டமே விலைபோனால் வாயில் காப்போனின் நேர்மையும் நாட்டைக் காவாது.

1993இல் அரூஷா நகரில் உலகச் சுங்கத்துறைகள் வெளியிட்ட நேர்மைப் பிரகடனம், தெளிவான விதி, போதிய ஊதியம், பணியாளரை இடம் மாற்றுதல் ஆகியவற்றை வலியுறுத்திற்று. காண்டனில் இல்லாதிருந்தவை இவையே. கடத்தல்காரன் பிடிபட்டதும் கைதட்டும் நாம், அவன் இதுவரை எந்த வாயில் வழியே, யாருக்கு என்ன கொடுத்து வந்தான் என்றும் கேட்கப் பழகுவோம்.