சோக் (மோட்டார் வண்டி)

சோக்: பெட்ரோலில் ஓடும் மோட்டார் வண்டியின் எஞ்சின் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்தபின் அதைக் கிளப்புவதற்கும், கிளம்பிய எஞ்சின் தக்க உஷ்ணம் பெறும்வரை நின்றுவிடாமல் காப்பதற்கும், கார்பரேட்டரில் காற்றும் பெட்ரோலும் சேரும் அளவைச் சிறிது நேரத்துக்கு மாற்றி வைக்கும் அமைப்பு. காற்றை அடைப்பதொன்றே இதன் வேலை என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. மற்றப் பாதியான காற்றைக் கூட்டும் வேலையே திருநெல்வேலியின் தாமிரபரணிப் பிரதேசம் போன்ற உஷ்ண பூமியில் அதிகம் பயன்பட்டது என்பது இதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவர்க்குப் புலனாகும்.

எரிவது பெட்ரோலின் ஆவியேயன்றித் திரவமன்று. சூடேறிய எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருந்தால் முழுதும் எரியும். குளிர்ந்த எஞ்சினிலோ, கார்பரேட்டர் துளியாகத் தெளிக்கும் பெட்ரோலிற் பெரும்பகுதி குழாயின் உட்சுவரிற் படிந்து தங்கிவிட, சிலிண்டரை அடையும் ஆவி தீப்பொறிக்குப் போதாமற் போகிறது. ஆகவே காற்றுவழியை அடைத்து, பிஸ்டனின் உறிஞ்சலைப் பெட்ரோலின் பக்கமே திருப்பவேண்டியிருக்கிறது. ஆனால் எஞ்சின் பற்றிக்கொண்ட கணத்திலேயே வேறொரு தேவையும் சேர்கிறது: எண்ணெய் இன்னும் தடித்திருப்பதால் உராய்வு மிகுதி, அதை வென்று ஐட்லிங்கில் (வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) நிற்க, வழக்கமான அளவிலும் அதிகமான காற்றும் ஆவியும் உள்ளே செல்லவேண்டும். எனவே முழுமையான சோக் அமைப்பு எதுவாயினும், ஒரு பக்கம் பெட்ரோலை மிகுத்து, மறு பக்கம் ஆக்சிலரேட்டர் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் இரட்டைச் செயலுடையதாகவே இருக்கும்.

1885-ல் கார்ல் பென்ஸ் அமைத்த வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவிச் செல்லும் காற்றே ஆவியை ஏந்திச் சென்றது. 1893-ல் ஜெர்மனியில் மைபாக்கும், புடாபெஸ்டில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும் தெளிப்பு முறைக் கார்பரேட்டரை உருவாக்கிய பின்னரே காற்றின் வழியை அடைப்பதென்ற உபாயத்துக்கு இடமுண்டாயிற்று. மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் வண்டியில் வரும்வரை எஞ்சினைக் கையாலேயே சுழற்றவேண்டியிருந்தது. ஆதலால் ஃபோர்டின் டி மாடலில் சோக் கம்பியின் வளையமொன்று ரேடியேட்டரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், ஹாண்டில் சுழற்றுபவர் மறு கையால் அதை இழுப்பார். இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் 1905 வாக்கில் உருவாக்கிய எஸ்.யு. கார்பரேட்டரோ, உறிஞ்சலுக்கேற்ப ஏறி இறங்கும் பிஸ்டனையும் ஊசியையும் கொண்ட வேறொரு தத்துவத்தில் அமைந்தது. காற்றை அடைக்காமல், ஊசி நுழையும் ஜெட்டைக் கீழே இறக்கி இடைவெளியை அகலப்படுத்தியே அது பெட்ரோலை மிகுத்தது. பிரெஞ்சு நாட்டுச் சோலெக்ஸ் வகைகள் சிலவற்றில் இவ்வேலைக்கெனத் தனி வட்டத்தகடு உண்டு.

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911-ல் மதுரையை நிலைக்களமாகக் கொண்டு தொடங்கிய மோட்டார்த் தொழில், தென்பாண்டி நாட்டில் வண்டிகளையும் அவற்றைப் பழுதுபார்க்கும் வித்தையையும் பரப்பியதில் தலையாயது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்நிறுவனம் கரியை எரித்து வாயுவாக்கும் கரிவாயுக் கலமொன்றை அமைத்து வண்டிகளிற் பொருத்தியது. கரிவாயு வண்டியில் எஞ்சின் தடுமாறாதிருக்க, வாயுவோடு ஏறத்தாழச் சம அளவாகச் சேரவேண்டிய காற்றின் வால்வை டிரைவர் ஓயாது திருத்தவேண்டும். கலம் கனலும்வரை காத்திருக்கவும் வேண்டும். சற்றுப் பெட்ரோலிற் கிளப்பிப் பிறகு வாயுவுக்கு மாற்றுவதும் வழக்கத்தில் இருந்தது. எஞ்சினின் ஓசையைக் கேட்டே காற்றின் அளவை அறியும் பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வாய்த்திராது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

சுதந்திரத்துக்குப் பின் இப்பிரதேசத்துச் சாலைகளில் ஓடிய பிளஷர் கார்கள் பெரும்பாலும் மூன்று வகையின: உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து வந்த அம்பாசிடர், பம்பாயில் உருவான ஃபியட், 1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மூன்றிலும் சோக் கையால் இழுக்கப்படுவதே. இவற்றுள் அம்பாசிடரின் எஸ்.யு. அமைப்பே தனித்துக் கூறத்தக்கது. அதன் குமிழைச் சிறிதளவு இழுக்கும்போது ஜெட் அசையாது. ஆக்சிலரேட்டர் வால்வு மட்டும் காம் என்னும் தள்ளுதகட்டினால் சற்றே திறந்து ஐட்லிங் வேகம் உயரும். மேலும் இழுத்தாற்றான் ஜெட் இறங்கும். குளிர்நாட்டு டிரைவர் பொருட்படுத்தாமல் கடந்துபோகும் இந்த முதற் பகுதி, மார்கழி விடியலிலும் உஷ்ணம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான திருநெல்வேலியில், பல நாட்களில் தானே போதுமானதாயிருந்தது. அதாவது இங்கே குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டியது மிகையான பெட்ரோல் அன்று, சற்று மிகையான காற்றே. பாளையங்கோட்டையிற் கிளப்பிய வண்டி, 1843-ல் தாமிரபரணி ஆற்றின்மேல் எழுந்த சுலோசன முதலியார் பாலத்தைத் தொடுமுன்னரே குமிழை உள்ளே தள்ளிவிடலாம்.

தள்ள மறந்தவர்களும் உண்டு. கரும்புகை, ஈரமாகிக் கறுத்த பிளக்கு, சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக் கீழே இறங்கும் பெட்ரோல் ஆகியவை அதன் விளைவுகள். கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டதென்றால், சோக்கை முற்றும் உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடியே ஸ்டார்ட்டரைச் சுழற்றி, உள்ளே தேங்கியதைக் காற்றால் உலர்த்துவதே பரிகாரம். இதன் மறுதலையாக, சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் கார்பரேட்டர்த் தொட்டியிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாவதுமுண்டு. அப்போது சோக்கைத் தொடுவதே பிழை. பெட்ரோலைக் குளிர்விக்க, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றும் வழக்கம் இவ்வூர்களுக்கு நன்கு தெரிந்ததே. கோடையில் எஞ்சினைக் கிளப்பும் கஷ்டம் மார்கழியினும் பெரிது.

சமவெளிக்குச் சொன்னது மலைக்குப் பொருந்தாது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் பம்பாய் பர்மா நிறுவனம் குத்தகைக்குப் பெற்ற மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் உள்ளவை. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் நூற்றுக்குப் பத்து குறையும். ஆதலின் கீழே திருத்திய கார்பரேட்டர் மேலே பெட்ரோல் மிகுந்த கலவையையே கொடுக்கும். விடியற்குளிரோ சோக்கை வேண்டும். இழுத்தவுடன் பற்றிக்கொள்வதும், பற்றியவுடன் விடாவிட்டால் மூச்சுத்திணறி நின்றுவிடுவதும் இவ்விரு காரணங்களும் எதிரெதிர் இழுப்பதன் பயனே. ஒரே வண்டி அதிகாலையில் தோட்டத்திற் கிளம்பி, மணிமுத்தாறு வழியாக அம்பாசமுத்திரத்துக்கு இறங்கி, நண்பகலில் திரும்பக் கிளம்பவேண்டுமானால், ஒரு நாளைக்குள் மூன்று விதமான காற்றுக்கு அதன் சாரதி ஈடுகொடுக்கவேண்டியிருந்தது.

சுருள்வில் உஷ்ணத்தால் விரிந்து தானே சோக்கைத் திறக்கும் முறை 1930-களிலேயே அமெரிக்க வண்டிகளில் வந்துவிட்டது. அது இந்திய வண்டிகளிற் பரவவில்லை, பரவாதது நட்டமுமன்று. காற்றுப் பாதி, 1967-ல் போக்ஸ்வாகன் வண்டியில் வெளிவந்த பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்னும் பெட்ரோல் பீச்சு முறையில் தனியே பிரிந்து நின்றது. ஆக்சிலரேட்டர் வால்வைச் சுற்றிச் செல்லும் துணைக் காற்றுவழி ஒன்று அதில் உண்டு. எஞ்சின் சூடேற ஏற அது தானே மூடிக்கொள்ளும். பிற்காலத்தில் அவ்வழியை மின்கணிப்பொறியின் ஆணைப்படி திறந்து மூடும் சிறு வால்வு வந்தது. 1983-ல் வெளிவந்த மாருதி 800 வண்டிக்கும் சோக் குமிழ் இருந்தது. செங்கற்பட்டை அடுத்த மறைமலைநகரில் யுகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு கூட்டாகக் கார்பரேட்டர் தயாரித்தது. 2000-ல் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் பீச்சு முறை பரவி, புதிய கார்களிலிருந்து குமிழ் மறைந்தது.

பழைய வண்டிகளை இன்றும் போற்றி வைத்திருப்பவர்க்குப் புதியதொரு நிலைமை நேர்ந்திருக்கிறது. நூற்றுக்கு இருபது எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நாடெங்கும் படிப்படியாகப் பரவிவிட்டது. எத்தனால் ஆவியாக வேண்டும் உஷ்ணம் பெட்ரோலினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. தன்னுள்ளே பிராணவாயுவையும் கொண்டிருப்பதால், 14.7 என்ற காற்று விகிதம் இக்கலவைக்கு 13.5 அளவுக்கு இறங்குகிறது. பழைய திருத்தத்தோடு ஓடும் அம்பாசிடருக்கு ஆகவே காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. குமிழின் முதற் பகுதியோடு நிறுத்திய டிரைவர் இப்போது சமவெளியிலும் ஜெட் இறங்கும்வரை இழுக்கவேண்டியிருக்கிறது. கார்பரேட்டரின் அடியில் ஜெட்டைத் தாங்கும் ஆறுமுக நட்டை ஒவ்வொரு முகமாக இறக்கி, எஞ்சின் சூடேறிய நிலையில் ஐட்லிங்கைக் கேட்டுத் திருத்தியபின், குளிர்ந்த நிலையில் முதல் இழுப்புக்கு உயரும் வேகத்தை அதற்குரிய தனி ஸ்க்ரூவால் மறுபடி அமைப்பதே முறை.