பேச ஆளில்லாத பாடம்: கிழக்கு ஜெர்மனிப் பள்ளிகளில் ரஷ்ய மொழி

1950களின் தொடக்கத்திலிருந்து 1989 வரை கிழக்கு ஜெர்மனியில் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அனைவரும் ரஷ்ய மொழி படித்தாக வேண்டும். பத்தாம் வகுப்புவரை அது தொடர்ந்தது. ஏழாம் வகுப்பில் ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ விரும்பியவர்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். இப்படி இரண்டு தலைமுறைகள் ரஷ்யம் படித்தன. அவர்களில் பெரும்பாலோரிடம் இன்று எஞ்சியிருப்பவை கிரில் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் பழக்கமும், முகமன் சொற்கள் சிலவும், பாடநூல் வரிகள் ஒன்றிரண்டும்தான்.

இந்தத் தோல்விக்குத் திணிப்பைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 1953 ஜூன் 17 எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கிய நாட்டில், அந்த டாங்கிகளை அனுப்பியவர்களின் மொழி மாணவர் மனத்தில் எப்படி ஒட்டும் என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் அதை முழு விளக்கமாக ஏற்பதற்கில்லை. எல்லைக்கு அப்பால் மேற்கு ஜெர்மனியிலும், மாநிலங்கள் 1964இல் ஹாம்பர்க்கில் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், ஐந்தாம் வகுப்பு முதல் ஓர் அயல்மொழி கட்டாயமானது. அது பெரும்பாலும் ஆங்கிலம். அங்கும் போரில் வென்ற நாடுகளின் படைகள் முகாமிட்டிருந்தன. கட்டாயம் இரு பக்கத்திலும் ஒன்றுபோலவே இருந்திருக்க, விளைவு மட்டும் ஏன் இத்தனை வேறுபட்டது? கிழக்கில் ரஷ்யம் படித்தவருக்கு அதைப் பேச ஆள் இல்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை என்பதே என் விடை. மொழியின் இயல்பு இந்தக் குறையைப் பல மடங்காக்கியது.

ரஷ்ய எழுத்துகள் முப்பத்து மூன்று. புதியவரை மிரட்டுவது அவைதான் என்றாலும் சில வாரங்களில் அவை கைவந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மேசைகளை எண்ணுவதையே பார்க்கலாம். ஒரு மேசை ‘அதீன் ஸ்தோல்’. இரண்டு, மூன்று, நான்கு என்றால் பெயர்ச்சொல் உடைமை வேற்றுமையின் ஒருமை வடிவத்துக்கு மாறும்: ‘த்வா ஸ்தலா’. ஐந்து முதல் அதே வேற்றுமையின் பன்மை: ‘பியாத் ஸ்தலோஃப்’. இருபத்தொன்றுக்கு வந்தால் மறுபடியும் முதல் வடிவம். ‘ஸ்தோல்’ என்ற சொல்லில் முதல் அசையில் விழுந்த அழுத்தம் ‘ஸ்தலா’வில் ஈற்றசைக்கு நகர்கிறது. அழுத்தம் நீங்கிய உயிரின் ஒலியும் மாறிவிடுகிறது. பாடநூலில் அழுத்தக் குறி இருக்கும். செய்தித்தாளிலோ கடைப் பலகையிலோ இருக்காது.

வினைகள் இன்னும் கடினம். நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறொரு வினை. இரண்டிலும் ஒரு முறை ஒரு திசையில் போவது தனி, வழக்கமாகப் போய்வருவது தனி. ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்று சொல்ல நினைக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை வாயைத் திறக்குமுன் நான்கில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஜெர்மன் பிள்ளைக்கு வேற்றுமை புதிதல்ல. தன் மொழியில் நான்கு உண்டு, இங்கே ஆறு. ஆனால் செயல் முடிந்ததா நிகழ்ந்துகொண்டிருந்ததா என்று வினைகளே இணை இணையாகப் பிரியும் முறை அதற்குப் பழக்கமில்லாதது. இலக்கண விதி இதை விளக்கும். பேச்சில் கொண்டுவந்து தராது. பேசுபவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அது படியும்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஏழாம் வகுப்பு முதல் வாரத்துக்கு மூன்று பாடவேளைகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஆண்டுக்கு 35 வாரம் என்று தாராளமாக வைத்தாலும் நான்கு ஆண்டுகளில் 420 பாடவேளைகள், அதாவது 315 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அலுவலர்கள் ரஷ்யத்தில் பணிக்குரிய தேர்ச்சி பெறச் சுமார் 1,100 வகுப்பு மணி வேண்டும் என்று மதிப்பிடுகிறது. அந்த இலக்கு பள்ளியின் இலக்கைவிட மிக உயர்ந்தது. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: பள்ளி நேரத்தை மட்டும் நம்பி இந்த மொழி நிற்காது. மேற்கில் ஆங்கிலத்துக்கான மீதி மணிகளை வானொலியும் திரைப்படமும் பயணமும் தந்தன. கிழக்கில் ரஷ்யத்துக்கு அவற்றைத் தர எதுவும் இல்லை.

பேசுபவர்கள் நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்பதுதான் இதில் வேதனையானது. வ்யூன்ஸ்டோர்ஃபைத் தலைமையிடமாகக் கொண்டு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் கிழக்கு ஜெர்மனியில் இருந்தனர். அதிகாரிகளின் குடும்பங்களும் உடன் இருந்தன. 1994இல்தான் கடைசிப் படைகள் வெளியேறின. ஆனால் சாதாரணச் சிப்பாய் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தார். உள்ளூர் மக்களோடு அவர் தானாகப் பழகுவதை இரு அரசுகளும் விரும்பவில்லை. நட்புறவு விழாக்கள் நடந்தன. மேடையில் மனப்பாடக் கவிதை ஒப்பிக்கப்பட்டது. சோவியத் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் வழக்கமும் இருந்தது. வானிலை, குடும்பம், பள்ளி, சமாதானம் என்று ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள் அவை. சோவியத் நாட்டுக்குத் தனியாகப் பயணம் போவது எளிதல்ல. குழுவாகத்தான் போக முடிந்தது.

விதிவிலக்குகள் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. டெம்ப்ளின் என்னும் சிற்றூரில் வளர்ந்து பின்னாளில் ஜெர்மன் சான்சலரான ஆங்கெலா மெர்க்கெல் பள்ளி நாட்களில் ரஷ்ய மொழி ஒலிம்பியாடில் வென்று மாஸ்கோ சென்றவர். ஊரைச் சுற்றி இருந்த முகாம்களின் வீரர்களிடம் அவர் பேசிப் பழகினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. மூன்றாம் வகுப்பிலிருந்தே ரஷ்யம் கற்பித்த சிறப்புப் பள்ளிகளின் மாணவர்களும் நன்றாகத் தேறினார்கள். தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள் என்பதால் அந்த வெற்றி முழுவதையும் பாடத்திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. 1970களில் உக்ரைனில் ‘நட்பு’ எரிவாயுக் குழாய்ப் பணிக்குப் போன இளந்தொழிலாளர்களோ எந்தச் சிறப்புப் பள்ளியிலும் படித்தவர்கள் அல்லர். அங்கே கடைக்காரரிடமும் லாரி ஓட்டுநரிடமும் பேசியாக வேண்டியிருந்தது, அவர்கள் பேசினார்கள்.

1980களின் பிற்பகுதியில் நிலைமை மாற ஒரு வாய்ப்பு வந்தது. கொர்பச்சோவ் காலத்து மாஸ்கோ இதழ்கள், குறிப்பாக விதாலி கொரோதிச் ஆசிரியராக இருந்த ‘ஒகன்யோக்’, அதுவரை மூடிவைத்த வரலாற்றைத் திறந்து எழுதின. ரஷ்யம் தெரிந்தால் படிக்க உண்மையாகவே ஏதோ இருந்தது. 1988 நவம்பரில் கிழக்கு ஜெர்மன் அரசு, ‘ஸ்பூட்னிக்’ என்ற சோவியத் இதழின் ஜெர்மன் பதிப்பை அஞ்சல் விநியோகப் பட்டியலிலிருந்து நீக்கியது. நாற்பது ஆண்டுகளாகச் சோவியத் நட்பைப் பாடமாக நடத்திய அரசு, அந்த நாட்டிலிருந்து வந்த குரலை மாணவர் முதன்முதலாக விரும்பிக் கேட்ட நேரத்தில் கதவை அடைத்தது. நான் அறிந்தவரை, ரஷ்ய மொழிக் கல்விக்கு இழைத்த தீங்குகளில் இதைவிடப் பெரியது இல்லை.

1990க்குப் பின் ரஷ்ய வகுப்புகள் மளமளவெனச் சரிந்தன. ஆசிரியர்கள் பலர் மறுபயிற்சி பெற்று ஆங்கிலம் கற்பிக்கப் போனார்கள். இன்று ஜெர்மனியில் பிரெஞ்சு, லத்தீன், ஸ்பானிஷ் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் ரஷ்யம் நிற்கிறது; அதுவும் பெரும்பாலும் கிழக்கு மாநிலங்களில். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பின் இந்த மொழியைப் பள்ளியில் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. ஆனால் உக்ரைனின் கார்கிவில் குண்டுவீச்சுக்கு ஆளானவர்களில் பலருக்கும் வீட்டு மொழி ரஷ்யம்தான். அல்மாட்டியிலும் ரீகாவிலும் அதைப் பேசுகிறார்கள். அதை ஓர் அரசின் சொத்தாக எண்ணிப் பாடப் பட்டியலிலிருந்து எடுப்பது அந்த அரசின் உரிமைக் கோரிக்கையை நாமே ஒப்புக்கொள்வதாகிவிடும்.

அன்று இல்லாத ஒன்று இன்றைய வகுப்பறையில் இருக்கிறது. கஜகஸ்தானிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் குடிவந்த ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகளும், அண்மையில் உக்ரைனிலிருந்து வந்தவர்களும், புதிதாகத் தொடங்குபவரின் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பாடத்திட்டமும் மதிப்பெண் முறையும் இதைக் கணக்கில் கொள்வதில்லை. வீட்டில் பாட்டியிடம் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். அழுத்தமற்ற உயிரைக் கேட்டபடியே எழுதிவிடும். புதியவர் ஒவ்வொரு ஈற்றையும் சரியாக எழுதுவார், வாய் மட்டும் திறக்க மாட்டார். இருவரையும் ஒரே தேர்வில் உட்கார வைத்தால் வாய்மொழித் தேர்வில் புதியவர் கூசி ஒடுங்குகிறார். எழுத்துத் தேர்வில் மற்றவர் தன் சொந்த மொழியிலேயே தோற்றுப்போகிறார்.

இரு சாராருக்கும் தேர்வைப் பிரிக்க வேண்டும், வகுப்பைப் பிரிக்கக் கூடாது. புதியவருக்குப் பேச்சில் எளிய இலக்கு, வீட்டுமொழியாளருக்கு எழுத்திலும் வாசிப்பிலும் உயர்ந்த இலக்கு என்று தனித்தனி அளவுகோல் வைக்கலாம். வாரத்தின் மூன்று பாடவேளைகளில் ஒன்றை இருவர் இருவராகப் பேசும் வேளையாக ஒதுக்கலாம். ‘போ’ வினைகளின் நான்கு வடிவங்களையும் வீட்டில் ரஷ்யம் பேசும் தோழி தவறாமல் சொல்வாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த ‘ஏன்’ புதியவரின் ஏட்டில் எழுதியிருக்கிறது.