வானவழித் தொலைவை அளந்த கதை

ஓசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையம் எவ்வளவு தூரம்? பேருந்தில் போகிறவர் மணிக்கணக்கில் விடை சொல்வார். லாரி ஓட்டுநர் கிலோமீட்டரில் சொல்வார். ஆனால் ஓர் ஒப்பந்தம் கேட்பது இவ்விரண்டையும் அல்ல, வானவழித் தொலைவை.

தேவனஹள்ளியில் விமான நிலையம் கட்ட 2004-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. நிலையம் திறந்து 25 ஆண்டுகள் முடியும் வரை, அதிலிருந்து 150 கிலோமீட்டர் வானவழித் தொலைவுக்குள் புதிய விமான நிலையம் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. அது 2008 மே மாதம் திறக்கப்பட்டது. ஆகவே தடை 2033 மே வரை. 2024 ஜூன் 27-இல் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமையும் என்று தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தபோது, இந்த 150 என்ற எண் பெரும் பேச்சாயிற்று.

யாரும் நடந்து பார்க்க முடியாத இத்தொலைவை எப்படி அளப்பது? இதன் வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1802 ஏப்ரலில், இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை வில்லியம் லாம்ப்டன் அளக்கத் தொடங்கினார். நூறடிச் சங்கிலியை 400 முறை நீட்டி அளக்க 57 நாட்கள் பிடித்தன.

அதன் பின் சங்கிலி தேவைப்படவில்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் குன்றுதோறும் ஏற்றிக் கோணங்களை அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக மேற்கே சென்றார். 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து சரிபார்த்தார். கணக்குக்கும் அளவைக்கும் இருந்த வேறுபாடு 4 அங்குலத்துக்கும் குறைவு! இவ்வேலை மங்களூர்க் கடற்கரையை எட்டியபோது, பழைய படங்கள் தீபகற்பத்தின் அகலத்தை ஏறத்தாழ 40 மைல் மிகைப்படுத்தியிருந்தது தெரிந்தது.

இத்தகைய அளவைகளால் ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் துல்லியமாயின. இன்று அவற்றைச் செயற்கைக்கோள்கள் தருகின்றன. அட்சரேகையில் ஒரு கலை, அதாவது பாகையில் 60-இல் ஒரு பங்கு, ஒரு கடல்மைல், 1.852 கிலோமீட்டர். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளி விமானத்தளத்துக்கும் தேவனஹள்ளிக்கும் அட்சரேகை வேறுபாடு சுமார் 32½ கலை. தீர்க்கரேகை வேறுபாடு மிகச் சிறிது. எனவே தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

பறக்கும் நேரத்தைக் கொண்டே தூரத்தைச் சொல்லலாகாதா? சென்னை, பெங்களூர் விமான நிலையங்களிடையே வானவழித் தொலைவு சுமார் 268 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு 20 நிமிடமே ஆகும். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி என்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க முறை வரும் வரை வட்டமிடுவது ஆகியவை அதில் அடங்கும். எதிர்காற்றும் நேரத்தைக் கூட்டும். நேரம் நாளுக்கு நாள் மாறும், தொலைவு மாறாது.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேவனஹள்ளி நிலையம் 13 பாகை 12 கலை வட அட்சரேகையில் உள்ளது. சேலம் விமான நிலையம் 11 பாகை 47 கலையில். வேறுபாடு 85 கலை, அதாவது 157 கிலோமீட்டர். சேலம் தடைக்கு வெளியே நிற்கிறது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் உள்ளே அகப்படுகின்றன.