மூங்கிலாற்றங்கரை நாற்றுகளும் கெப்போங் காடும்

சுங்கை பூலோ என்னும் மலாய்ப் பெயருக்கு மூங்கிலாறு என்பது பொருள். நம்மில் பலர் அவ்வூரை நாற்றுப்பண்ணைகளால் அறிவோம். அப்பண்ணைகளின் பிறப்பு துயரம் தோய்ந்தது. 1930ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சியினர் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பைத் திறந்தனர். குடும்பத்தைப் பிரிந்து அங்கே அடைபட்டோர் பலர், நோய் தீர்ந்த பின்னும் ஊர் ஏற்கத் தயங்கியதால் அங்கேயே தங்கினர். பூச்செடி வளர்த்து விற்றுப் பிழைத்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டு முற்றங்களில் அக்கைகள் ஊன்றிய செடிகள் எத்தனையோ, யாரறிவார்!

ஆயினும் வாசகர்களே, அழகுக்கென நாம் வாங்கும் செடிகளுள் பல வெளிநாட்டவை. காகிதப்பூ தென்னமெரிக்காவினது. நம் முன்னோர் பால் வெட்டிய ரப்பர் மரமும் பிரேசிலில் பிறந்து, இங்கிலாந்தின் கியூ தோட்டம் வழியாக 1877இல் சிங்கப்பூருக்கு வந்ததே. நமக்குச் சோறிட்ட மரத்தை நான் பழிக்கவில்லை. ஆனால், பாழ்பட்ட மண்ணை மீட்டவை எவை என்பதை அறியப் பக்கத்திலுள்ள கெப்போங்கிற்குச் செல்லவேண்டும்.

ஈயம் தோண்டி வளமிழந்து கிடந்த அந்நிலத்தை 1926இல் அமெரிக்க வனவியலாளர் பாக்ஸ்வொர்தி வன ஆய்வுக்கெனத் தேர்ந்தெடுத்தார். மெராந்தி, கப்பூர் போன்ற உள்நாட்டு மரங்கள் அங்கே நடப்பட்டன. அஃது எளிய பணியன்று. இம்மரங்களுள் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒருசேரப் பூத்துக் காய்க்கும்; விதைகளோ சில வாரங்களுக்குள் முளைக்கும் திறனை இழந்துவிடும். சேமித்து வைக்க இயலாது. இளங்கன்றுக்கு நிழலும் வேண்டும். இத்தனைக்கும் பின் எழுந்த அக்காட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது.

மரத்தையும் உயிரினத்தையும் பிணைக்கும் நூல் மிக மெல்லியது. சில மெராந்தி வகைகளுக்கு மகரந்தம் சுமப்பது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இலைப்பேன் என்று அப்பன்னா, சான் ஆகிய ஆய்வாளர்கள் 1981இல் எழுதினர்.

பள்ளி வளாகத்தில் மெராந்திக்கு இடமிராது, சென்டுடுக்கிற்கு உண்டு. புளிப்பேறிய மண்ணிலும் வளரும் அப்புதரின் ஊதாப்பூவைத் தச்சன்வண்டு நாடும். கனியைப் பறவைகள் தின்னும். அக்கனியுண்ட வாய் கருநீலமாகும். அதன் அறிவியற் பெயரான மெலாஸ்டோமாவுக்கே ‘கரிய வாய்’ என்பதுதான் பொருள். மாணவர்க்கு இதனைவிடச் சுவையான தாவரவியல் பாடம் ஏது? நாற்றுப்பண்ணையில் கேட்டால் ‘அது களையாயிற்றே’ எனச் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், கேளுங்கள்.